பதினோராம் கட்டில்

எனக்குப் பிள்ளை இல்லை.
கல்யாணமும் இன்னும் ஆகவில்லை.
பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்தது
கம்பளி நூலில் பின்னிய ஒரு மார்பு,
நடுவில் பழுப்பு நிறப் பொத்தான்.
அதை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன் என்று
அஞ்சலாட்சியிடம் நான் சொல்லவில்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு. சோனாங்குப்பத்துக்காரி.
துறைமுகத்தில் விடிவதற்குள்
ஐம்பது கூடைக்கு ஏலம் கூறும் தொண்டை
இரண்டு நாளாக
'தண்ணி' என்ற ஒரு சொல்லோடு நின்றிருந்தது.
பதினாறு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை.
அடிவயிற்றில் தையல்.
வலது காம்பில் வெடிப்பு, அதில் பொட்டு ரத்தம்.
குழந்தை வாய் வைக்கும்,
ச்சப் ச்சப் என்று வெறும் சத்தம் வரும்,
விலகும், வீறிடும்.
"பால் இல்ல சிஸ்டர். வயசாயிடுச்சு. வத்துன குட்டை"
என்றாள் சுவரைப் பார்த்து.

ஜன்னலில் ஒரு பவுடர் டின்.
எதிர் மெடிக்கலில் நாத்தனார் வாங்கி வந்தது.
சீல் உடைக்கவில்லை.
காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் கதவுக்கு
அதை முட்டுக்கொடுத்தேன்.
யாரையும் திட்டவில்லை.
பயம்தானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறது.

மணி மூன்று இருபது.
கையைக் கழுவினேன். தொடலாமா என்று கேட்டேன்.
கருவட்டத்துக்கு வெளியே கட்டைவிரல்,
எதிரே ஆள்காட்டி.
உள்ளே அழுத்தி, சேர்த்து, விடு.
உள்ளே அழுத்தி, சேர்த்து, விடு.
பத்தாம் தடவையோ பன்னிரண்டாம் தடவையோ
மஞ்சளாக ஒரு துளி
வேப்பம்பிசின் போல் நின்றது.
"சீழா?"
"சீம்பால்."
"இவ்ளோதானா?"
"பாப்பா வயிறே இன்னிக்கு ஒரு நெல்லிக்காய்தான் அக்கா."

மடியில் கிடத்தினால் தையலில் உதைத்தாள் குழந்தை.
இதற்கு வேறொரு பிடி உண்டு.
தலையணையை அடுக்கிவிட்டு
அதை எப்படிச் சொல்வதென்று தேடினேன்.
அக்குள், முன்கை, பிடரி...
பாடப் புத்தகம் வாயில் கல்லாக உருண்டது.
கடைசியில் கேட்டேன்:
"கூடையை எப்படிக்கா இடுக்குவீங்க?"

அவள் முழங்கை தானாக மடிந்தது.
குழந்தையின் முதுகு முன்கையில்,
பிடரி உள்ளங்கையில்,
பாதங்கள் பின்னால் சுவரை நோக்கி.
இந்த இடத்தில் என் வேலை ஒன்றுமில்லை.

"மூக்குக்கு நேரா காம்பு. மேலுதட்டுல தடவுங்க.
அவசரம் வேணாம். கொட்டாவி மாதிரி தொறப்பா.
நீங்க குனியாதீங்க, அவள இங்க கொண்டாங்க.
மோவாய் மொதல்ல."

முதல் தடவை நுனியை மட்டும் கவ்வினாள்.
கடைவாயில் சுண்டுவிரல் விட்டு எடுத்தோம்.
இரண்டாம் தடவை தூங்கிப்போனாள்.
உள்ளங்காலைச் சுண்டினேன்.
மூன்றாவதில் எட்டாம் கட்டில் குழந்தை அழ
துணைக்கு இவளும் அழ வாயைத் திறந்தாள், அகலமாக.
நான் "இப்ப" என்று சொல்வதற்குள்
அஞ்சலாட்சியின் கை முந்திக்கொண்டது.

ச்சப் சத்தம் இல்லை.
கீழுதடு மீன்வாய் போல் வெளியே மடிந்திருந்தது.
"வலிக்குதா?"
"இழுக்குது. வலிக்கல."
மூச்சைப் பிடித்துக் காது கொடுத்தோம்.
மின்விசிறியின் கிறீச்.
திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு ரயில்.
பிறகு, கடுகு வெடிப்பதை விடச் சின்னதாக,
க்.
கொஞ்சம் விட்டு இன்னொரு
க்.

"ஒண்ணு" என்றாள்.
"ரெண்டு... ரெண்டு... ரெண்டே... மூணு!"
ஏலக் குரல்தான்,
போர்வைக்குள் பேசுவதுபோல் அடக்கி.
பதினேழு வரை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தாள்.
"ஒனக்கு எத்தினி புள்ள, சிஸ்டர்?"
அப்போதுதான் கம்பளி நூலைப் பற்றிச் சொன்னேன்.
தையலைப் பிடித்துக்கொண்டு
வலிக்க வலிக்கச் சிரித்தாள்.
கட்டிலே ஆடியது. குழந்தை வாயை விடவில்லை.

கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
4.10. வலது.
ஏழு மணிக்கு எனக்கு டியூட்டி முடியும்.
இடது பக்கம் இன்னும் பாக்கி.