ஆட்டைக் கேட்காமல்

கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து
முள் ஏறி நின்ற இடத்தைப் பார்த்தாள்
டாக்டர் சோல்போன்.
மறுபடி அடித்தாள். மறுபடி பார்த்தாள்.
பிறகு பேனாவை எடுத்தாள்.

"பல்தன்தோர்ஜ், கேளுங்கள்.
தினமும் பச்சையில் ஒன்று.
ஆரஞ்சில் ஒன்று. கிடைத்தால் சிவப்பில் ஒன்று.
உப்பைக் குறையுங்கள்.
கொழுப்பை இன்னும் குறையுங்கள்."

ஏதோ சிக்னல் விளக்கு மாட்டச் சொல்வதுபோல் சொன்னாள்.
எங்கள் புல்வெளியில் அந்த விளக்கும் கிடையாது.

நான் சொன்னேன்:
புல்லை ஆடு தின்கிறது. ஆட்டை நான் தின்கிறேன்.
ஆக, ஐம்பத்தெட்டு வருஷமாய்
நானும் பச்சைதான் தின்கிறேன் அம்மா,
கொஞ்சம் சுற்றுவழியில்.

அவள் சிரிக்கவில்லை.
சீட்டைக் கிழித்த சத்தம்தான் பதில்.

கூடாரத்தில் யஞ்சிமா அந்தச் சீட்டை
அடுப்புக்குழாய்க் கம்பியில் செருகினாள்.
பால்தேநீர் கொதிக்கும்போதெல்லாம்
ஆவி பட்டு அது என்னைப் பார்த்துத் தலையாட்டும்.

ஆற்று வளைவில் துவ்தென் என்றொரு பைத்தியக்காரன்.
இரண்டு குதிரைகளை விற்று வேலி போட்டவன்.
ஜூனிலும் உறைபனி விழும் மண்ணில்
பள்ளிக்கூடத்தின் பழைய ஜன்னல் கண்ணாடிகளைச் சாய்த்து
நாற்றுகளுக்குக் கதகதப்பு மூட்டுபவன்.
ஆகஸ்ட் முடிவில் மூட்டையோடு வந்தான்.
ஒரு செம்மறித் தோலுக்குக் கைமாறாக
விரிப்பில் கொட்டினான்:
வெட்டினால் ரத்தம் விடும் பீட்ரூட்,
பத்துப் பாவாடை உடுத்த முட்டைக்கோஸ்,
முகம் சிவந்த டர்னிப்,
இரண்டு கால் முளைத்த ஒரு கேரட்.

அன்றிரவு, ஆவியில் வெந்த பூஸைப் பிட்டேன்.
இறைச்சிக்குள் அந்நியர்கள்.
ஒவ்வொருவராய்ப் பிடித்துத் தட்டின் ஓரம் உட்காரவைத்தேன்.
முட்டைக்கோஸ் மட்டும் அகப்படவில்லை.
கொழுப்பையெல்லாம் குடித்துவிட்டு
ஆட்டைப்போல் வேஷம் போட்டிருந்தது.

"வெங்காயத்தை மட்டும் விட்டுவைத்தாயே?"

அது காய்கறி இல்லை. அது வெங்காயம்.

யஞ்சிமா எழுந்துபோனாள்.
மலைச்சரிவில் நானே பறித்து, நானே உப்பிட்டு,
குளிர்காலம் முழுக்க யாரையும் தொடவிடாத
காட்டு வெங்காயத்தாள் ஜாடியைக் கொண்டுவந்து
என் முன்னால் வைத்தாள்.

"இது என்ன? ஆடா?"

பதில் யோசிக்க நேரம் எடுத்தது.
இன்னும் எடுக்கிறது.

எல்லோரும் தூங்கியபின் வெளியே வந்தேன்.
இரண்டு கால் கேரட்
மேலங்கிக்குள் இருந்தது.
குதிரைக்குத்தான், சத்தியமாய்.
ஒரு காலை ஒடித்துக் கொடுத்தேன்.
மறு கால் கையிலேயே நின்றது.
துடைத்தேன். முகர்ந்தேன்.
நாய்கூடப் பார்க்கவில்லை.

கடித்தேன்.

காதுக்குள் ஆற்றுப்பனி உடையும் சத்தம்.
பின்னால் மெல்ல வந்தது இனிப்பு,
மண்ணிலிருந்து நேராக,
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக,
ஓர் ஆட்டைக் கேட்காமல்.

சாம்பல் குதிரை மெல்வதை நிறுத்தி
என்னையே பார்த்தது,
தன் மேய்ச்சல் நிலத்தில்
யாரோ கூடாரம் அடித்ததைப்போல.