வெளியூர்

விடுப்புப் படிவத்தில் "வெளியூர்" என்று எழுதினேன்.
எந்த ஊர் என்று கேட்க அதில் கட்டமில்லை.
ஈசூனிலிருந்து இருபது கிலோமீட்டர், கொஞ்சம் கூட.

பண்ணை வாசலில் திருமதி இயோ
இரண்டு சைக்கிள்களைச் சாய்த்து வைத்திருந்தார்.
ஒன்றில் கூடை. இன்னொன்றில் மணி.
பிரேக் இரண்டிலும் உண்டு என்றார்
யாரும் கேட்காமலே.

மணியைச் சேந்தன் எடுத்துக்கொண்டான்.

முதல் நாள் ஆட்டுப் பண்ணை வரை போனோம்.
பால் தீர்ந்துவிட்டது. திரும்பினோம்.
ஒரு நாளைக்கு அது போதும் போலிருந்தது.

லிம் சூ காங் சாலை நூல் பிடித்த நேர்.
போர் வந்தால் இதில் விமானம் இறங்கும்,
அதனால்தான் நடுவில் மரம் இல்லை என்றான்,
தளபதியின் குரலில்.
அன்று இறங்கியது வெயில் மட்டும்.
ஓடுபாதையில் இவ்வளவு நேரம் ஓடியும்
நாங்கள் மேலே எழும்பவில்லை.

மயானத்து வேலியோரம் தண்ணீர் குடித்தோம்.
உள்ளே இருப்பவர்களுக்குப் பதினைந்து வருடம்,
அப்புறம் எழுந்து இடம் விடவேண்டும்.
"நமக்குப் பரவாயில்லை, தொண்ணூற்றொன்பது" என்றான்,
எங்கள் வீவக வீட்டை நினைத்து.
சிரித்ததில் தண்ணீர் மூக்கில் ஏறியது எனக்கு.

அப்போதுதான் எங்களைத் தாண்டிப் போனது
துருப்பிடித்த ஒரு சைக்கிள்,
பின்னால் எரிவாயு உருளை கட்டி,
மிதிப்பவன் காதில் யாருடனோ வங்காளத்தில் சிரித்தபடி.
நாங்கள் வாடகை கொடுத்து மூச்சு வாங்கும் மேடு
அவனுக்கு ஒரு மேடாகவே தெரியவில்லை.

மாலையில் என் சங்கிலி கழன்றது.
பண்ணையில் வேலை பார்ப்பவன் அவன்தான், ரஃபிக்குல்.
விரலெல்லாம் கறுப்பு மசி,
சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சொன்னான்:
"மெதுவா, மெதுவா, அக்கா."
முன்பு கட்டுமான வேலையில் பழகிய தமிழாம்.
இன்னும் என்ன தெரியும் என்று கேட்டேன்.
யோசித்தான். "சாப்பாடு."
இன்னும் யோசித்தான். "நாளைக்கு."

மூன்று சொல்.
ஒரு விடுமுறைக்கு நான்காவது தேவைப்படவில்லை.

கடைசி ரயில் போனபின் தண்டவாளம் பார்ப்பவன் சேந்தன்.
நான் பகல் வேலை.
ஆறு வருடமாக எங்கள் குடும்பம் நடப்பது
கதவருகே, ஒருவர் செருப்பைக் கழற்ற
ஒருவர் மாட்டும் அந்த இரண்டு நிமிடத்தில்.
இங்கேயும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தான்,
கை தானாக டார்ச்சைத் தேட.
நானும் எழுந்தேன்.
தூரத்தில் ராணுவத்தின் சுடும் பயிற்சி.
ஒவ்வொரு வெடிக்கும் தவளைகள் நிறுத்தி,
ஆள் எண்ணிச் சரிபார்த்து,
விட்ட இடத்திலிருந்து தொடங்கின.
விடியும்வரை பேசினோம் என்று சொல்ல ஆசைதான்.
சோளப்பொரி தின்றோம்.

மறுநாள் கிராஞ்சிப் பக்கம், ஒரு வளைவில்,
கைப்பேசி இடுப்பில் துடித்தது:
மலேசியாவுக்கு உங்களை வரவேற்கிறோம்.
நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜொகூரின் கட்டடங்கள்
வெளுத்து நின்றன.
பத்து மிதி தள்ளி, சொந்த நாடு
எங்களைத் திரும்ப இழுத்துக்கொண்டது.
சேந்தன் மணியடித்தான்.
வண்டியைத் திருப்பி, மறுபடி அந்த வளைவுக்கு.
மறுபடி வரவேற்பு.
கடப்பிதழும் இல்லாமல் வரிசையும் இல்லாமல்
அன்று ஐந்து முறை எல்லை தாண்டினோம்,
பக்கத்தில் பக்கத்தில்,
ஒரே வேகத்தில்,
எதிரே சிமெண்ட் லாரி வரும்போது மட்டும்
ஒருவர் பின் ஒருவராக.

புறப்படும்போது ரஃபிக்குல் கேட்டான், "நாளைக்கு?"
சேந்தன் தலையை
ஆம் என்றும் இல்லை என்றும் ஆட்டினான்.

திங்கட்கிழமை சுவீ லிங் விசாரித்தாள்,
எந்த ஊருக்குப் போனாய் என்று.
மாதக் கட்டண ரசீதில் இருந்தது, காட்டினேன்:
மலேசியா,
இரண்டு வெள்ளி நாற்பது காசு.