ஐஸ் ஏற்றாத படகு

மீனுக்குப் போகிற படகு
ஐஸ் ஏற்றாமல் போகாது.
இவ்வளவுதான் காத்தலிங்கம் சொன்னது.
ஆறுகாட்டுத்துறை ஐஸ் கம்பெனியில்
இரவு முறைக்குக் கட்டி எண்ணுகிறவர்.
எங்கள் பதிவேட்டில் அவருக்குப் பெயர் இல்லை,
பதினான்கு என்று ஓர் எண்.

முதல் தடவை சொன்னது ஓர் ஐப்பசியில்.
"டீசல் ரெண்டு மடங்கு. ஐஸ் ஒரு கட்டி இல்ல."
நம்பினோம்.
ஜீப் விளக்குகளை எரியவிட்டு
கலங்கரை விளக்கம் தொடங்கி உப்பளம் முடிய
விடிய விடிய நின்றோம் கொசுக்கடியில்.
கோடியக்கரைக் குதிரைகள் இரண்டு
வெளிச்சத்துக்கு மிரண்டு காட்டுக்குள் ஓடின.
வேறொன்றும் நடக்கவில்லை.

வேறொன்றும் நடக்காததற்கு
எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.
வெளிச்சம் கண்டு ஏதோ ஒன்று
நடுக்கடலில் திரும்பியிருக்கலாம்.
கிளம்பாமலே இருந்திருக்கலாம்.
மறுநாள் மதியம் காரப்பொடிக் குழம்பும் சோறும் தின்று
தூக்கம் சொக்க நான் எழுதினேன்:
"தகவல் சரியல்ல. மூலம் 14 நம்பத்தக்கதன்று."
ஜீப் டீசலுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.
மாதாமாதம் அவருக்குப் போன ஐந்நூறும்
அந்த வரியோடு நின்றது.

காவிரி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும்.
எங்கள் தகவல் கடைமடையிலிருந்து மேலே ஏறும்.
ஏறுகிற வழியெல்லாம் மதகு, மதகுக்கு ஓர் ஆள்,
ஆளுக்கு ஒரு பலகை.
வேதாரண்யத்தில் 'வரும்' என்று போனது
நாகையில் 'வரலாம்' ஆகி
தஞ்சாவூரில் 'வரக்கூடும் எனக் கருதப்படுகிறது' ஆகி
சென்னைக்குப் போய்ச் சேர்கையில்
கால் நனையத் தண்ணீர் இல்லை.

அதற்கும் மேலே, வரைபடம் விரித்த அறையில்
பெரிய பெரிய அம்புகள் போட்டார்கள் என்று கேள்வி.
இந்துமாக்கடல், இருபது ஆண்டு, மூன்று வல்லரசு.
எங்கள் கரை அதில் ஒரு பென்சில் கோடு.
தப்பென்று சொல்லவில்லை.
அம்பு போடவும் ஆள் வேண்டும்தான்.
ஐஸ் எண்ணுகிறவர் அந்தப் படத்தில் எங்கே நிற்பார்
என்று கேட்க எனக்குச் சம்பளம் இல்லை.

ஐந்நூறு நின்ற பிறகும்
இரண்டாம் தடவை மாசியில் வந்து சொன்னார்.
அதே சொல். அதே கட்டிக் கணக்கு.
புதிதாய் வந்த அதிகாரி பழைய கோப்பைப் புரட்டினார்.
என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.
மூன்று நாள் கழித்து மணல்மேட்டில்
எதையோ இழுத்துப்போன தடம் மட்டும்.
பன்னிரண்டாம் நாள்
எங்கோ வடக்கே ஒரு பேருந்து நிலையம்.
ஒன்பது பேர். அதில் ஒருவர்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்த நடத்துனர்.

விசாரணைக் குழு வந்தது. டீ வந்தது.
"முன்கூட்டித் தகவல் ஏன் இல்லை?"
இருந்தது, ஐயா.
"பின் ஏன் நம்பவில்லை?"
போன தடவை நம்பினோம், ஐயா.
நம்பியதால் அது பொய்யானது.
தட்டச்சர் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.
அந்த வரி அறிக்கையில் இல்லை.
'ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்று இருக்கிறது,
எழுபத்தோராம் பக்கத்தில்.

இப்போது யாரும் அனுப்பாமலே போகிறேன்,
பின்னிரவு இரண்டரைக்கு, லுங்கியில்.
கட்டி வழுக்கி வருகிறது, உடைக்கும் மெஷின் கத்துகிறது,
நொறுங்கியது கூடை கூடையாய் இறங்குகிறது.
நானும் எண்ணுகிறேன். பதினேழுக்கு மேல் தப்புகிறது.
எந்தப் படகுக்கு எத்தனை வழக்கம்,
எவன் கடனுக்கு வாங்குவான்,
எவன் தன் பங்கை மச்சான் படகில் ஏற்றுவான்,
இதெல்லாம் தெரிந்தால்தானே எண்ணுக்குப் பொருள்.

காத்தலிங்கம் சாக்கை உதறி மடிக்கிறார்.
என்னைத் தெரியும். தெரிந்ததாய்க் காட்டவில்லை.
"இன்னைக்கு எப்படிங்க?" என்றேன்.
"நேத்து மாதிரிதான் சார்."

நேற்று எப்படி என்று
எனக்குத் தெரியாது.