இடது பக்கம்

வைஃபை நுழையாத அறை இது.
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளவென்று
வீட்டுக்கு வீடு கட்டித் தந்திருக்கிறார்கள்
பொங்கோலில்.
நாங்கள் அரிசி வைத்திருக்கிறோம்,
காற்று இறங்கிய சைக்கிள், இரண்டு சூட்கேஸ்,
போன தீபாவளியின் தோரணம்.

இரும்புக் கதவு நாலு விரற்கடை திறந்திருந்தால்
இரண்டு கோடு சிக்னல்.
முழுக்கத் திறந்தால்
கூடத்தில் படிக்கும் நித்திலன் காதில் விழும்.
ஓ லெவலுக்கு இன்னும் பதினெட்டு நாள்.
அவனிடம் ‘ஸ்கேன்’ என்ற சொல் வரைக்கும்தான்
வந்திருக்கிறேன்.

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து
கைபேசியைச் சைக்கிள் இருக்கையில் சாய்த்தேன்.
நாலரைக்கு சிஸ்டர் ரொஸ்னானி வந்தார்.
அவருக்குப் பின்னால் எல்லாம்
பால் கொட்டினாற்போல் மங்கல்.
தலையாட்டும்போதெல்லாம் அந்த மங்கல்
அவர் முக்காட்டின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றது.

பெயர். பிறந்த தேதி.
எந்தப் பக்கம் அறுவை, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இடது.

பதினோரு வருடமாய் பஸ் ஓட்டுகிறேன்.
இடது கண்ணாடி பார்க்காமல்
ஒரு நிறுத்தத்தை விட்டும் கிளம்பியதில்லை.
ஏறுவது இறங்குவது எல்லாம் அந்தப் பக்கம்தான்.
இது மட்டும்
எந்த நிறுத்தத்தில் ஏறியதோ,
அட்டையைத் தட்டாமலே.

நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது.
ஆடுகிற பல் உண்டா?
மாடி ஏறினால் மூச்சு வாங்குமா?
தோடு, மெட்டி, கழுத்தில் இருப்பது
எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.
கழுத்தில் இருந்ததைக் கழற்றி ஆறு வருடம்
என்று சொல்லவில்லை.
சரி என்றேன்.

தழும்பு இங்கிருந்து இதுவரை என்று
தன்மேல் விரலால் கோடு இழுத்தார்.
திரையில் பார்த்து நான் வலதைத் தொட்டேன்.
ஐயோ அது இல்லை, மற்றது, என்று பதறினார்.
இருவரும் சிரித்துவிட்டோம்.
சிரித்த பிறகு
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஏதாவது கேட்க வேண்டுமா?
தாளில் எட்டுக் கேள்வி எழுதியிருந்தேன்.
கேட்டது எழுதாத ஒன்றை.
ஸ்டியரிங் இவ்வளவு பெரிது, சிஸ்டர்
(விரித்த கைகள் படத்துக்கு வெளியே போயின).
சிலேத்தார் வளைவில் முழுசாய் ஒடிக்கணும்.
எப்போது முடியும்?

சீக்கிரம் என்று அவர் சொல்லவில்லை.
வாரக்கணக்கு ஆகும், பிசியோ பார்த்துத்தான் தெரியும்,
எண்ணைச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன், என்றார்.
அப்போதுதான்
சுவரில் முதுகு சாய்ந்தது.

பிறகு எதையோ தூக்கிக் காட்டினார்.
காணவில்லை.
முகம் இருந்தால்தான் ஆள் என்று நம்புகிற மென்பொருள்
கையோடு அதை விழுங்கிவிட்டது.
சாய்த்தார், கிட்டே கொண்டுவந்தார்.
ஒரு குழாய்நுனி வந்து வந்து மறைந்தது.
பெருமூச்சு விட்டு
மங்கலை நிறுத்தினார்.

கலைந்த கட்டில். கழியில் ஈரத்துணி,
ஒரு சின்னப் பள்ளிச் சீருடை.
ஜன்னல் முழுக்க ஜூரோங் மழை.
மன்னிக்கணும், இன்று வீட்டிலிருந்து வேலை, என்றார்.
எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை, என்றேன்.

கையில் பிசைந்தால் அமுங்கும் குப்பி, கோடு போட்டது.
உள்ளே ஊறுகிற நீர் இதில் வடியும்.
காலையும் இரவும் அளந்து எழுதணும்.
வீட்டில் யார் இருக்கிறார்கள் உதவிக்கு?

அம்மா, அரிசி.

சிக்னலுக்கென்று விட்ட இடைவெளியில்
பாதி முகம்.
இன்று உலை அவன் முறை, மறந்தேபோனேன்.

சிஸ்டரின் கை நகர்ந்தது.
கட்டில், மழை, குப்பி
எல்லாம் மறுபடி பாலுக்குள் போயின.
முகம் மட்டும் நின்றது,
என்னைப் பார்த்துக்கொண்டு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
சைக்கிள் சக்கரம் தானாக
ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

அந்த மங்கலை எடுத்துவிடுங்கள் சிஸ்டர், என்றேன்.
மூட்டையில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

மழை வந்தது. குப்பியும்.
அவன் நின்றபடியே பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
வெகுநேரம் கழித்து அவரிடம் கேட்டான்,
“ஒரு கோடுன்னா எவ்வளவு?”

கையில் இன்னும்
அரிசி அளக்கிற குவளை.