பதினேழரை

கடைசியில் மூன்று மென்பொருள்கள் மிஞ்சின.
சோதனைப் பதிப்பு, ஒவ்வொன்றும் முப்பது நாள்.
டோங்காட் நகரமண்டபத்துக் கச்சேரிக்கு இருப்பதோ ஒன்பது.

முதலாவதைப் பார்த்துக் குபேந்திரன் சொக்கிப்போனான்.
திரைக்குள் மேடை முப்பரிமாணத்தில் சுழல்கிறது.
பாட்டை உள்ளே போட்டு நொடி நொடியாய்க் கோடிழுத்தால்
துணிக்கொடி போல அதில்
விளக்குகளைக் காயப்போடலாம்.
"நீ கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம், தேவஷ்னி."

எனக்கு எங்கள் டிரம்மரைத் தெரியும்.
ம்தோகோசிசி ஒரு பாட்டை
இரண்டாம் தடவை அதே வேகத்தில் வாசித்ததாக வரலாறில்லை.
கூட்டம் கைதட்டினால் ஓடுவான்,
காதலி வந்திருந்தால் பறப்பான்,
காலையில் சண்டை என்றால்
ஒவ்வோர் அடிக்கும் நடுவே ஒரு லாரி போகும்.
ஒத்திகையில்
சரணம் தொடங்குமுன்னே சிவப்பு வந்து நின்றது.
பாட்டு முடிந்தபின்னும் இரண்டு விளக்குகள்
யாரையோ தேடிச் சுற்றிக்கொண்டிருந்தன.

இரண்டாவது, ஒரு பிரபஞ்சம் இலவசம் என்றது.
அவர்கள் கணக்கில்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு வாய்க்கால் சேர்ந்தால் ஒரு பிரபஞ்சம்.
இன்னொன்று வேண்டுமா,
ஒன்பதாயிரத்து நானூறு ராண்ட்,
கூடவே கட்டைவிரல் அளவில் ஒரு சாவி,
கணினியில் செருகியே இருக்கவேண்டும்.
தொலைந்தால் என்ன செய்வது என்று எழுதிக் கேட்டேன்.
தொலைக்க வேண்டாம் என்று பதில் வந்தது.
காட்சியின் பெயராக 'நீலம்' என்று அடித்தேன்,
சனிக்கிழமை வகுப்பில் அரைகுறையாய்ப் பிடித்த எழுத்தில்.
மூன்றெழுத்துக்கு ஐந்து காலிக் கட்டம் காட்டியது.
எண்ணக்கூடத் தெரியவில்லை.

மூன்றாவதற்கு அழகே கிடையாது.
சாம்பல் நிறம், வரிப்படிவத்தின் முகம்.
எண்கள் ஒரு வரிசை,
பக்கத்தில் ஒரே ஒரு பொத்தான்.
அழுத்தினால் போகும்.
அழுத்தாவிட்டால் நிற்கும்.

ஆனால் எங்கள் ஊரில் வேறொரு தேர்வும் உண்டு.
இங்கே ஸ்டேஜ் என்றால் இரண்டு:
ஒன்றில் பிரெனிஷா நின்று பாடுவாள்,
மற்றது மின்வெட்டின் அளவு.
ஸ்டேஜ் நான்கு வந்தால் ஸ்டேஜ் போய்விடும்.

நான் அதற்குக் காத்திருக்கவில்லை.
பதினேழாம் காட்சியில், நடுச்சரணத்தில்,
பிளக்கை நானே பிடுங்கினேன்.
மடிக்கணினிக்குப் பேட்டரி உண்டு,
அதற்கும் விளக்குக்கும் நடுவிலிருக்கும் பெட்டிக்கு இல்லை.
ஜெனரேட்டர் மூச்சுப்பிடிக்கப் பதினொரு வினாடி.

முதலாவதற்குப் பெட்டியை அடையாளம் தெரியவில்லை.
மூடித் திறக்க நான்கு நிமிடம்;
திறந்ததும் பாட்டை முதலிலிருந்து தொடங்கியது.
இரண்டாவது பதறி
அத்தனை விளக்கையும் வெள்ளையாய் எரியவிட்டது.
பிரெனிஷா முகத்தை மூடிக்கொண்டாள்,
விபத்து நடந்த சாலையில் நிற்பவள் போல.
மூன்றாவது
பெட்டி வந்துவிட்டது என்றது,
பதினேழில் நிற்கிறோம் என்றது,
இருட்டை அப்படியே வைத்துக்கொண்டு
என் விரலைப் பார்த்தது.

"இது எழவுவீடு மாதிரி இருக்கிறதே" என்றான் குபேந்திரன்.
காசைக் கட்டினேன்.

சனி இரவு, மண்டபம் நிறைந்து
வாசலில் வேறு நின்றார்கள்.
அட்டவணையில் இல்லாத மின்வெட்டு.
பதினேழு கூட இல்லை, பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையில்.
மைக் செத்தது. அவள் நிறுத்தவில்லை.
ம்தோகோசிசி குச்சியைக் கீழே வைத்துவிட்டு
உள்ளங்கையால் தட்டினான், மெதுவாக,
முதல் தடவையாக ஒரே வேகத்தில்.
எண்ணூறு பேர் இருமாமல் இருந்தார்கள்.
பிறகு எங்கோ பின்கட்டில் ஜெனரேட்டர் கனைத்தது,
மைக் உயிர்த்து
அவள் குரல் இருட்டிலேயே பெரிதாயிற்று.

குபேந்திரன் என் தோளைக் குத்தினான்: அழுத்து.
சாம்பல் திரை ஒன்றும் சொல்லவில்லை.
அவள் அந்த அடியை முடிக்கட்டும் என்று இருந்தேன்.

ஞாயிறு காலை கோப்பைத் திறந்து
நடுவில் ஒரு வரி சேர்த்தேன்.
எண் பதினேழரை.
பெயர், கட்டம் விழாமல்: இருள்.
நேரம் பத்தொன்பது வினாடி,
பதினொன்று ஜெனரேட்டருடையது,
எட்டு என்னுடையது.