கீழே யாரும் நிற்க வேண்டாம்

நானூற்றுப் பத்து கிலோ.
கதவைக் கழற்றினால் நூறு குறையும்.
கழற்ற, திறக்க வேண்டும். திறக்கச் சாவி வேண்டும்.
"அவர் கோட்டுப் பையில் இருந்திருக்கும்" என்றாள் பெலாகியா.
"அந்தக் கோட்டோடுதான் புதைத்தோம்."

வூச் நகரம், நவம்பர், இரண்டாம் மாடி,
பருத்தி ஆலைக்காரன் கட்டிய வீடு.
வித்தோல்த் படிகளைக் குதிகாலால் தட்டிக்கொண்டே இறங்கினான்
தர்பூசணி வாங்குகிறவன் போல.
ஏழாவது படி பதில் சொல்லவில்லை.
அதன் அடியில் இரண்டு முட்டுக்கட்டை கொடுத்தோம்.
கீழே ப்ரோனெக் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினான்:
யாரும் நிற்க வேண்டாம்.
எழுதியதன் மேலேயே நின்று சிகரெட் பற்றவைத்தான்.
திட்டி நகர்த்தினேன்.

கடப்பாரை நுனி புக ஒரு விரற்கடை.
ஆப்பு. இன்னொரு விரற்கடை. பெரிய ஆப்பு.
கை ஒருபோதும் அடியில் போகாது;
குச்சி போகும், பலகை போகும், குழாய் போகும்.
மூன்று குழாய்மேல் அது உருண்டது
திருமண மண்டபத்துக்குள் வரும் பணக்கார மாமாவைப் போல,
அவசரமே இல்லாமல்.

வாசலில் சாய்த்தபோது
உள்ளே ஏதோ ஒன்று
மெல்ல உருண்டுபோய் மறுபக்கம் தட்டி நின்றது.
மூவருக்கும் கேட்டது.
மூவரும் பெல்ட்டை இறுக்கினோம்.

என் வேலை மேலே, கயிறு.
நிலைவாசலுக்குக் குறுக்கே ஓர் உத்தரக்கட்டை,
அதில் மூன்று சுற்று.
பாரத்தைத் தாங்குவது நானல்ல, அந்தச் சுற்றுதான்.
நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறவள், அவ்வளவே.
படிகளின்மேல் பலகை, பலகையில் சோப்பு,
"விடு" என்றால் ஒரு சாண்.
"நில்" என்றால் மூச்சும் நிற்கும்.

பாதியில் மூன்றாம் மாடி யூஸ்டினா வந்தாள், நாயோடு.
"எவ்வளவு நேரம்?"
ஒரு மணி நேரம் என்றேன்.
நாய் என்னைப் பார்த்தது. அதனிடம் அவ்வளவு நேரம் இல்லை.
நாற்பது நிமிடம் பொறுத்தது, பாவம்.
பிறகு என் பூட்ஸைச் சுற்றி ஒரு சிற்றாறு
படி படியாக, பெட்டகத்தை நோக்கி.
"நில்!" என்று கத்தினேன்.
கயிற்றைக் கட்டைமுளையில் பூட்டினோம்,
மரத்தூள் கொட்டினோம்,
யூஸ்டினா தன் குளியல் துண்டையே போட்டாள்.
ஈரப் படியில் எவனும் வீரன் இல்லை.

ஏழாவது படியில்
முட்டுக்கட்டை ஒன்று கிறீச்சிட்டது.
வித்தோல்த் தன்னையறியாமல் தோள் கொடுக்கக் குனிந்தான்.
"பிடிக்காதே!" ப்ரோனெக்கின் குரல் உடைந்தது.
"விழுந்தால் விழட்டும். இரும்புக்கு வலிக்காது."
அவன் ஒருமுறை பிடித்தவன்.
கட்னாவில், ஒரு பியானோவை, இடது கையால்.

பெட்டகம் யோசித்தது.
பிறகு எட்டாவது படிக்குப் போனது.

தரைத்தளத்தில், பழைய பொத்தான் கடை அறையில்,
காங்கிரீட்டின்மேல் எஃகுத் தகடு போட்டு நிறுத்தினோம்.
கையுறைகளைக் கழற்றி வழக்கம்போல் எண்ணினோம்:
பத்து, பத்து, ஒன்பது.
காலையில் இருந்த அதே கணக்கு.
படிவத்தில் "சேதம்" என்ற இடத்தில் கோடு இழுத்தேன்.
துண்டைப் பற்றி எழுதக் கட்டம் இல்லை.

குழாய்களை எடுக்க மேலே போனேன்.
பெட்டகம் இருந்த மூலையில்
தரைப்பலகை ஒரு விரல் உயர்ந்திருந்தது,
உட்கார்ந்தவர் எழுந்த மெத்தை போல.
பெலாகியா அறைக்கதவைச் சாத்தினாள், திறந்தாள்,
மறுபடியும் சாத்தினாள்.
"முப்பத்தெட்டு வருஷம் இது தரையில் இடித்தது" என்றாள்.
"தச்சனைத் திட்டினேன். அவரையும் திட்டினேன்."

கடைசிக் குழாயோடு நான் வெளியே வந்தபோது
பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது,
சத்தமில்லாமல், சரியாக.