நாடாக் கோடு

வரையும் முன் டாக்டர் ருக்கையா கேட்டார்:
"பாவாடை நாடா எங்கே கட்டுவீங்க?"
இருபத்தாறு வருஷம் ஈரத்தோடு இறுக்கி
இடுப்பைச் சுற்றிக் கறுத்த வரியைக் காட்டினேன்.
அதற்கு இரண்டு விரல் கீழே
ஊதாப் பேனாவால் ஒரு புள்ளி,
மறுபக்கம் ஒன்று,
மூன்றாவது, தொப்புளின் மடிப்புக்குள்.
"தெரியவே தெரியாது" என்றார்,
பரிசு கொடுப்பவர் போல.

என் கைகளைப் பார்க்கவில்லை போலும்.
துணி சுற்றியும் பார் கிழித்த விரல்கள்,
தகரச் செருப்பையும் மீறி முள் ஏறிய குதிகால்.
முழங்காலில் இருப்பது முயல்தீவு,
புறங்கையில் பூமரிச்சான்.
எந்த மாசம், எந்தக் காற்று என்றுகூடச் சொல்வேன்.

மூன்றாம் நாள் பஸ் பாம்பன் பாலம் ஏறும்போது
வயிற்றில் ஊதிய காற்று
தோள்பட்டையில் வந்து உட்கார்ந்திருந்தது.
அறுத்தது அங்கே, வலி இங்கே.
இதை யாரிடம் சொல்ல?

பிளாஸ்திரி எடுத்ததும் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.
"கொசு கடிச்சிருக்கு.
இதுக்கா ஆறு வாரம்?"

அமாவாசை நீர் வற்றியது.
சின்னப்பாலம் முழுக்கப் படகுக்கு இறங்க,
பூமயில் கூப்பிட வந்தாள்.
அவள் வயிற்றில் பிள்ளைக்கு அறுத்த கோடு
பூரான் போல நீளமாய் ஓடும்.
"அதைக் காட்டித்தான் நாலு மாசம் உக்காந்தேன்.
ஒனக்கு என்னடி?"

டாக்டரம்மா,
சின்னதாய் ஒரு கோடாவது போட்டிருக்கலாம்.

அப்புறம்தான் பென்டிரைவ் ஞாபகம் வந்தது.
தங்கச்சி மகள் தர்ஷினி
எப்படியோ செல்லில் ஏற்றிக் கொடுத்தாள்.
படகு நிழலில் ஆறு தலைகள்.
முதலில் வெறும் சிவப்பு.
பிறகு வெளிச்சம் இறங்கியது,
நாங்கள் கண்ணாடி மாட்டி முங்குகிற மாதிரியே.
வழவழத்த சுவர்கள்.
கடல் சாமந்தி போல
விரல் விரித்து ஆடும் குழல் முனை.
அதையொட்டிக் கட்டி,
பேத்தை மீன் கோபத்தில் ஊதி நிற்பது போல.
ஊசிக் கத்தி அதை மெல்ல உரித்து,
பைக்குள் திணித்து,
வந்த வழியே மேலே இழுத்தது.
நாங்கள் பாசிப் பையை இழுக்கிற இழுப்பு.

பூமயில் திரையைத் தொட்டாள்.
"இங்கயா அறுத்தாங்க?"
"அங்கதான்."
"இதோடயா எந்திரிச்சு வந்தே?"
பதில் சொல்லுமுன்
"மறுபடி போடு" என்றாள்.

படகு போய்விட்டது, என்னை விட்டுவிட்டு.
நாடாவைப் பழைய வரிக்கு மேலே
தளர்த்திக் கட்டிக்கொண்டு
கரையில் உட்கார்ந்து
மூன்றாவது துளையை விரலால் தேடினேன்.
கிடைக்கவில்லை.
தொப்புளில் கொஞ்சம் மணல்தான் இருந்தது.